அத்தானின் வெல்டிங்கில் நான் தேடிய குறை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. ஆனால் நான் பார்ப்பது பொறுமைசாலிகள் பார்க்க வேண்டிய வேலை. டிபன் கேரியர் அளவுக்கு ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ப்ரோப். இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் போட்ட இடத்தின் ஓரமாக அந்த ப்ரோப்பை வைத்து மெல்ல நகர்த்தினால், காதுக்குக் கேட்காத ஓர் ஒலி உலோகத்துக்குள் போகும். உள்ளே கீறலோ ஒட்டாத இடமோ இருந்தால் அதில் மோதித் திரும்பி வரும். திரும்பி வந்தது திரையில் கூம்பாக எழும்பி நிற்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்டால் ஸ்கேன் எடுக்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள்.

பத்து வருடம் கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைத் தூண்களிலும் மில் பாய்லர்களிலும் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். எல்லாம் சாதா இரும்பு. இரும்பில் நான் ஓர் இடத்தில் வட்டம் போட்டுக் குறை இருக்கிறது என்றால் இருக்கும். தோண்டிப் பார்த்த வெல்டர்கள் யாரும் என்னிடம் திரும்பி வந்து வாயாடியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஆர்கான் வெல்டர். கல்யாணமான மறு மாதம் மஸ்கட் போனவர் பதினொரு வருடம் அங்கேயே கிடந்தார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு; அதிலும் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் போய்விடும். ஒருநாள், இனிப் போதும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவருக்குச் சொந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாது. முன்னறையில் ஒரே பலகையில் எட்டு சுவிட்ச். ஃபேன் போட நினைத்துத் தட்டினால் வாசல் விளக்கு எரியும். இன்னொன்றைத் தட்டினால் அடுப்படி விளக்கு அணையும். "இடப்பக்கம் மூணாவது!" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். சலித்துக்கொள்வதுபோலத்தான் சொல்வாள். ஆனால் அப்படிச் சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருப்பதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் கனத்த எவர்சில்வர் வேலை எடுத்துச் செய்கிற பட்டறை ஒன்றுதான். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அத்தான் அங்கே சேர்ந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலைக்காக நெட்டையாக ஒரு கலன், தூண் மாதிரி, இருபது மில்லிமீட்டர் கன எவர்சில்வரில். ஆள் உள்ளே நுழைய முடியாத அகலம். ஐந்து இடத்தில் சுற்றிலும் வெல்டிங் ஜாயின்ட். ஐந்தையும் போட்டது அத்தான். இந்தக் கலன் நல்லபடியாகப் போனால் அடுத்து நான்கு கலன் வரும், அத்தான் ஊரோடு இருந்துவிடலாம். இது கெட்டால் மஸ்கட்தான். அங்கிருந்த பழைய மேஸ்திரி வாரம் தவறாமல் போன் பண்ணி, இடம் காலியாக இருக்கிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அத்தானின் பாஸ்போர்ட்டை உளுந்து டப்பாவுக்குள் போட்டு, மேலே இரண்டு படி உளுந்தையும் கொட்டி மூடி வைத்திருந்தாள்.

இந்த மாதிரி வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் பட்டறையின் பின்சுவரை ஒட்டித் தீப்பெட்டி ஆபீஸ். எக்ஸ்ரே என்றால் சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. அங்கே பெட்டி ஒட்டுகிற அத்தனை பெண்களை வேலையை விட்டு எழுப்பி வெளியே அனுப்ப முடியாது. ஆகவே ஒலியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆலையின் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பாய் என்னைக் கூப்பிட்டார். வெல்டர் என் அத்தான், பிறகு பேச்சு வரக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன்.

"நம்ம ஊர்ல யாருக்கு யாரும்மா சொந்தமில்ல? நீங்க ஒங்க கண்ணுக்குத் தெரியுததை எழுதுங்க" என்றார் பாய். இன்ஸ்பெக்டருக்கும் சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தானும் ஒன்றிரண்டு இடத்தில் கூட இருந்து பார்ப்பதாகச் சொன்னார்.

எனக்கு அது போதவில்லை. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிற வீட்டிலோ, வழக்குப் பேசப் போகிற வீட்டிலோ, காரியம் முடிவாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், இலையில் உட்காரக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் பிறகு நியாயம் பேச நாக்கு எழும்பாது என்பதற்காக. நானும் அக்காவிடம் போய், இந்தக் கலன் பட்டறையை விட்டுப் போகும்வரை உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? நான் ஒன் அக்காவா, சம்பந்தி வீட்டுக்காரியா?" என்றாள் அக்கா. அன்றைக்கென்று உளுந்தங்களி கிண்டியிருந்தாள். வாசனை தெருவரைக்கும் வந்தது. நான் நின்ற வாக்கிலேயே திரும்பிவிட்டேன். கோபக்காரியாக இருப்பதில் உள்ள ஒரே வசதி, இப்படித் திரும்பி வருவது சுலபம்.

களியை மறுத்தவளுக்கு அக்கா பசையை மறுக்கவில்லை. ப்ரோப்புக்கும் தகட்டுக்கும் நடுவே வழவழவென்று ஏதாவது தடவ வேண்டும். காற்று இடையில் இருந்தால் ஒலி உள்ளே இறங்காது. இதற்கென்று விற்கிற ஜெல் எனக்குப் பிடிக்காது, வெயிலில் வழிந்து ஓடிவிடும். அக்கா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குப் பசை காய்ச்சுகிறவள். கிழங்கு மாவில் அவள் காய்ச்சுகிற பசை செங்குத்துத் தகட்டில்கூட நின்ற இடத்தில் நிற்கும். பூச்சி வராமலிருக்க ஆபீஸ் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். எவர்சில்வருக்குத் துத்தமும் ஆகாது, உப்பும் ஆகாது. எனக்கென்று தனியாக, எதுவும் சேர்க்காமல், தினமும் ஒரு தூக்குவாளியில் காய்ச்சி அத்தானிடம் கொடுத்தனுப்புவாள்.

பட்டறையில் அத்தான் வேறு ஆள். வீட்டில் "ஏட்டி" என்று கூப்பிடுகிறவர், அங்கே என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கையுறையைக் கழற்றி, "வணக்கம் மேடம், பசை வந்திருக்கு மேடம்" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கூடவே சிரிப்பும் வரும். ஆனால் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கொழுந்தியாதான பாக்குதா? கண்ண மூடிட்டுப் பாஸ் போட்ருவா" என்றான் ஒருவன். அது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

முதல் மூன்று ஜாயின்ட்டிலும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாஸ் என்று எழுதினேன். நான்காவதில், மேலிருந்து எட்டு மில்லிமீட்டர் ஆழத்தில், பக்கவாட்டில் ஒரு கூம்பு எழும்பியது. ப்ரோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினேன். போகவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுகிறவள் இல்லை என்று காட்ட ஒன்று கிடைத்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்க்கரால் வட்டம் போட்டேன். அத்தான் குனிந்து பார்த்தார். கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைத் தோண்டினார். எட்டு மில்லிமீட்டர் போயும் ஒன்றும் தென்படவில்லை. சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தோம். கீறல் இருந்தால் பொடியில் சிவப்பாகக் கோடு விழும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"ஒண்ணும் இல்லயே மேடம்" என்றார்.

"கிரைண்டர்ல போயிருக்கும் அத்தான்" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. தோண்டிய பள்ளத்தைத் திரும்ப நிரப்பி வெல்டிங் போட்டார். ஆறவிட்டு மறுநாள் பார்த்தேன். அதே இடத்தில் அதே கூம்பு. மறுபடி வட்டம். மறுபடி தோண்டல், இந்தத் தடவை பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை. மறுபடியும் ஒன்றுமில்லை. மறுபடி நிரப்பினார்.

இதற்குள் சேதி ஆலைக்குப் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் பாயிடம் போனில் சொன்னார்: எவர்சில்வரை ஒரே இடத்தில் இரண்டு தடவைக்குமேல் சூடேற்ற அனுமதி இல்லை, மூன்றாவது தடவையும் குறை என்று வந்தால் ஜாயின்ட்டை முழுசாக வெட்டி எடுக்க வேண்டும், வெல்டரையும் இந்த வேலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். சனிக்கிழமை நேரில் வருவதாகவும் சொன்னார்.

அக்காவின் பசையில் நிலவரம் தெரிந்தது. முதல் வட்டம் போட்ட மறுநாள் பசை கட்டி கட்டியாக வந்தது. இரண்டாவது வட்டத்துக்குப் பிறகு வரவே இல்லை. தூக்குவாளியை நானே எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"எம் புருசன திரும்ப மஸ்கட்டுக்கு ஏத்திவிடத்தான் அந்தப் பொட்டியத் தூக்கிட்டு அலையுதியாட்டி? ரெண்டு தடவ தோண்டியாச்சு, ஒண்ணுமில்லங்காவ. அப்பவும் ஒன் பொட்டி சொல்லுததுதான் நெசம்?"

"நான் பாஸ்னு எழுதி, நாளைக்கு அது வெடிச்சு நாலு பேரு செத்தா யாரு பதில் சொல்லுவாக்கா?"

"இருந்தா எழுது. வேண்டாங்கல. இல்லாததை எழுதாத. அவ்வளவுதான் நான் கேக்கேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. உள்ளே அத்தான் ஏதோ சுவிட்சைத் தட்டினார். வாசல் விளக்கு பகலில் எரிந்து அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அக்கா உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை கடையில் வாங்கிய ஜெல்லைத் தடவி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். அதே கூம்பு. பேனாவை எடுத்தேன், மூடினேன். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அத்தான் மட்டும் நிதானமாக, "மேடம், இன்னைக்கு எழுத வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டயம் கொடுங்க" என்றார்.

மறுநாள் அவர் என் முன்னால் வைத்தது ஒரு கைக்கு அடக்கமான உலோகத் துண்டு. கலனில் வெட்டி மிச்சமான அதே தகடு. அதே கம்பியை வைத்து, அதே சூட்டில், தன் கையாலேயே நடுவில் வெல்டிங் போட்டிருந்தார். பிறகு பக்கவாட்டிலிருந்து, வெல்டிங்கின் நட்டநடுவில், பத்து மில்லிமீட்டர் ஆழத்தில், மெல்லிசாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

"மேடம், இதுல ஓட்டை எங்கன இருக்குன்னு ஒங்க மெஷின் சொல்லட்டும்" என்றார். குரலில் கேலி இல்லை.

எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. என்னையா சோதிக்கிறீர்கள் என்று ப்ரோப்பை எடுத்து வைத்தேன். திரை முழுக்கப் புல் முளைத்தது. சின்னச் சின்னக் கூம்புகள் வரிசையாக அசைந்துகொண்டிருப்பதை எங்கள் தொழிலில் புல் என்றுதான் சொல்வோம். ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது, விரலை வைத்தால் தட்டுப்படுகிறது, மெஷினில் இல்லை. ஒலியைக் கூட்டினேன். கடைசியில் புல்லுக்கு நடுவே ஒரு கூம்பு எழுந்தது. அளந்து பார்த்தால் ஓட்டைக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளிக் காட்டியது.

வேலை கற்றுக்கொண்ட காலத்தில் வகுப்பில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எவர்சில்வர் வெல்டிங் ஆறும்போது உள்ளே பெரிய பெரிய மணிகளாக, ஒரே பக்கம் சாய்ந்து உறையும். சாதா இரும்புக்கான ப்ரோப்பின் ஒலி அதற்குள் போனால் சிதறும், வளையும். அதனால் அதே உலோகத்தில் அதே வெல்டிங் போட்ட மாதிரித் துண்டை வைத்துத்தான் மெஷினைச் சரி பார்க்க வேண்டும். என்னிடம் அப்படி ஒரு துண்டு இல்லை. பத்து வருடமாக என் பையில் கிடந்த சாதா இரும்புத் துண்டில் சரி பார்த்து, எவர்சில்வருக்கு என்று குத்துமதிப்பாக ஒரு திருத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தேன். காற்றாலைத் தூண்கள் எனக்குக் கொடுத்த தைரியம் அது.

"என்னம்மா ஆச்சு? ஒலி எப்பிடி வளையும்?" என்று பாய் கேட்டார்.

"கரிசக்காட்டுல மழை பெஞ்ச மறுநாள் சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா பாய்? நாம நேராத்தான் மிதிப்போம். அது சேத்துல இழுத்து ஒரு பக்கமாக் கொண்டுபோய் விடும்லா. அப்பிடித்தான்" என்றேன். இடைசெவல் பாதையில் விழுந்து எழும்பாதவர்கள் அந்தப் பட்டறையில் யாரும் இல்லை. எல்லோருக்கும் புரிந்தது.

அத்தான் பக்கம் திரும்பி, "மொதல் வட்டத்துலயே இதைச் செஞ்சிருக்கலாம்லா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். தப்பு என்னுடையது என்றால் நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

என்னோடு படித்த தோழி மதுரையில் இதே வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை விடியக் காலையில் பஸ் ஏறிப் போய், எவர்சில்வருக்கென்றே உள்ள ப்ரோப்பை அவளிடம் வாங்கி வந்தேன். உள்ளே இரண்டு படிகம். ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது கேட்கும். கனத்த ஒலி, சீக்கிரம் வளையாது. வருகிற வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். சாத்தூர் தாண்டும்போது பசித்தது, சாப்பிடத் தோன்றவில்லை.

அத்தானின் துண்டில் வைத்தேன். புல் பாதியாகக் குறைந்தது. ஓட்டை இருந்த இடத்தில் இருந்தபடி ஒற்றைக் கூம்பாக எழுந்து நின்றது. பிறகு நான்காவது ஜாயின்ட். பக்கவாட்டில் எட்டு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒன்றுமே இல்லை. கூம்பு வந்தது, ஆனால் அடி விளிம்பிலிருந்து. அத்தான் ஒரு நீளக் கம்பில் தன் மொபைலைக் கட்டி, விளக்கைப் போட்டு, கலனின் திறந்த வாய் வழியாக உள்ளே விட்டு வீடியோ எடுத்தார். அந்த இடத்தில் வெல்டிங்கின் அடிப்பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது, அனுமதிக்கிற அளவுக்குள்தான். வளைந்து போன ஒலி அந்தப் புடைப்பில் மோதி வந்ததைத்தான் நான் ஒட்டாத இடம் என்று இரண்டு தடவை தோண்ட வைத்திருக்கிறேன்.

நல்ல வெல்டிங்கை இரண்டு தடவை தோண்ட வைத்தவள் நான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மத்ததையும் இதே ப்ரோப்பு வச்சுத் திரும்பப் பாருங்க மேடம்."

"அதான் பாஸாயிட்டுல்லா, என்னத்துக்கு?" என்று பாய் பதறினார்.

பார்க்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இல்லாததைக் காட்டிய மெஷின் இருப்பதை மறைத்திருக்கவும் கூடும். அது தெரிந்தும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது. அத்தான் விடவில்லை. "ரெண்டாம் நம்பர மொதல்ல பாருங்க" என்றார்.

இரண்டாம் நம்பர் ஜாயின்ட்டில், முன்பு நான் பாஸ் எழுதிய இடத்தில், இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளத்துக்குக் கூம்பு வந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே இடம். சந்தேகத்துக்கே இடமில்லை. தகட்டோடு வெல்டிங் ஒட்டாத இடம். வட்டம் போடக் கை வரவில்லை. அத்தானே மார்க்கரை வாங்கி வட்டம் போட்டார்.

"இன்ஸ்பெக்டர் நாளைக்கு வந்து, இந்த ஆளு வேலையே சரியில்லன்னு சொல்லிட்டா என்ன செய்ய?" என்றார் பாய்.

"சொன்னாச் சொல்லட்டும் பாய்" என்றார் அத்தான்.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். நான்காம் நம்பரில் தப்பு வெல்டருடையது இல்லை, என்னுடையது என்று எழுதியே கொடுத்தேன். இரண்டாம் நம்பரைப் பற்றியும் சொன்னேன். அவர் அத்தான் செய்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ப்ரோப்பை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். பிறகு, "தோண்டுங்க, பார்ப்போம்" என்றார்.

அத்தான் கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்தது. ஐந்து மில்லிமீட்டர், ஏழு, ஒன்பது. அடிக்கடி நிறுத்தித் துணியால் துடைத்துக் குனிந்து பார்த்தார். நான் தள்ளி நின்றேன். இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, இருக்கக் கூடாது என்று வேண்டுவதா? இருந்தால் அத்தானுக்குக் கேடு. இல்லாவிட்டால் இனி என் சொல்லுக்கு எங்கும் மதிப்பில்லை. திடீரென்று கிரைண்டர் சத்தம் நின்றது.

"ஏட்டி! இங்கன வா! இருக்கு! இருக்குட்டி!"

பட்டறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடத்தை அவர் மறந்தே போனார். பள்ளத்தின் ஓரத்தில், தலைமுடி கனத்தில், கறுப்பாக ஒரு கோடு. தன் வெல்டிங்கில் குறை கண்டுபிடிக்கப்பட்டதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டு, விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார். ரிப்பேர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வெல்டர் நம்பர் என்று ஒரு கட்டம் உண்டு. ரிப்பேரை யார் செய்ய வேண்டும் என்பதற்கு. என் கண் அந்தக் கட்டத்தைவிட்டு அகலவில்லை. அத்தானின் நம்பரையே எழுதினார். "சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான்காம் நம்பருக்கு எதிரே நான் எழுதியிருந்த இரண்டு குறைகளையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். என்னிடம் மட்டும், "இனிமே மாதிரித் துண்டு இல்லாம பெட்டியைத் திறக்காதீங்கம்மா" என்றார். தலையை ஆட்டினேன். எனக்கு அது வேண்டியதுதான்.

சாயங்காலம் அத்தான் இரண்டாம் நம்பரைப் போட்டு முடித்தார். ஆறியதும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மற்ற மூன்றையும் முழுசாகச் சுற்றி வந்தேன், எதிலும் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அத்தான் டீக்கடையில் பைக்கை நிறுத்தினார். நான் கேட்டேன்.

"ரெண்டாம் நம்பர மொதல்ல பாருன்னு ஏன் சொன்னீங்க அத்தான்?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அந்த ஜாயின்ட் போடும்போது நடுவில் கரண்ட் போய்விட்டதாம். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கும்போது அந்த இடத்தில் சூடு பத்தவில்லையோ என்று அவருக்கே ஒரு சந்தேகம். "நீ பாத்துச் சொல்லுவேன்னு இருந்தேன். நீ பாஸ்னு எழுதிட்டே. அன்னைக்கு ஒருநாள் சந்தோசமாத்தான் இருந்துது. மறுநாள்லருந்து சோறு எறங்கல."

"அந்தத் துண்டைச் செஞ்சா நான் சரியான ப்ரோப்பு வாங்கிட்டு வருவேன், ரெண்டாம் நம்பர் மாட்டும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"வேல போயிருந்தா?"

"போயிருந்தா மஸ்கட்டு. அங்கன போயி உக்காந்து இதையே நெனச்சிட்டுக் கெடக்கணும். அதுக்கு இங்கனயே சொல்லிட்டுப் போலாம்னு தோணுச்சு" என்றார். டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து வந்த எனக்கு வழியெல்லாம் கண்ணில் தண்ணீர். காற்று என்று சொல்லிக்கொண்டேன். இந்த மனுஷனையா நான் பட்டறை பேசிய ஒரு சொல்லுக்காக இரண்டு தடவை தோண்ட வைத்தேன் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாலாம் நம்பர்ல ஒண்ணுமில்லக்கா. தப்பு எம் மேலதான்" என்றேன். "ஆனா ரெண்டாம் நம்பர்ல இருந்துது. அதை ரிப்பேர்னு எழுதினேன்."

"நெசமாவே இருந்துதா?"

"நெசமாவே இருந்துது. அவியளே தோண்டிக் காட்டினாவ."

அத்தான் எங்களைத் தாண்டி உள்ளே போனார். முன்னறையில் ஒரே ஒரு சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. முன்னறை விளக்கு எரிந்தது.

"இருந்துதுன்னா எழுதத்தான செய்யணும்" என்றாள் அக்கா. செம்பில் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். "கலன் பட்டறைய விட்டுப் போனப்பொறவுதான்னு சொல்லாத. கைய நன."

நனைத்தேன்.